பேங்க் ஸ்டேட்மெண்ட்டைக் கூட்டுறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணுங்க: மாச வருமானம் 55,400-ஆ, 33,800-ஆ?



பைக் இஎம்ஐ போடலாமா, பர்சனல் லோன் எடுக்கலாமா, தனி வீடு பார்க்கலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. எல்லாருக்கும் நான் திருப்பிக் கேக்குறது ஒரே கேள்விதான்: போன வருஷம் மாசத்துக்கு எவ்வளவு மிச்சம் ஆச்சு? இதுக்கு வர்ற பதில் பல நேரம் தப்பாகத்தான் இருக்கு. கூட்டத் தெரியாததால இல்ல. ஸ்டேட்மெண்ட்டை டவுன்லோடு பண்ணி, எக்செல்ல போட்டு, அப்படியே கூட்டிடுறதால.

திருப்பூர்ல இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்ல. துணி ரோல் வந்து இறங்கின உடனே யாரும் கட்டிங் டேபிள்ல ஏத்துறதில்ல. பிரிச்சுப் போட்டு ரிலாக்ஸ் ஆக விட்டு, ஜிஎஸ்எம் பார்த்து, ஓட்டை, கறை பார்த்து, அப்புறம்தான் வெட்டுவாங்க. அவசரப்பட்டு வெட்டினா முதல் வாஷ்லயே அளவு சுருங்கும். டேட்டாவும் அப்படித்தான். இந்தப் பதிவுல ஒரு வருஷ பேங்க் டேட்டாவை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு படிப்படியா பார்க்கலாம்.

முதல்ல ஒரு உதாரணம்

எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல மெர்ச்சண்டைசரா வேலை பார்க்கிற ஒருத்தரை எடுத்துக்குவோம். கைக்கு வர்ற சம்பளம் மாசம் 32,000. தீபாவளி போனஸ் 20,000. நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு, வாடகை 12,000. ஓனருக்கு முழு வாடகையையும் இவர்தான் அனுப்புவார், மத்த மூணு பேரும் ஆளுக்கு 3,000 இவருக்கு ஜிபே பண்ணிடுவாங்க. ரெண்டு பேங்க் அக்கவுண்ட், ஒரு கிரெடிட் கார்டு. ஒரு ஏலச்சீட்டு, கழிவு போக மாசம் 5,000 கட்டுறார். நடுவுல ஒரு மாசம் சீட்டை எடுத்ததுல கைக்கு 1,00,000 வந்துச்சு.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ரெண்டு பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும், கார்டு ஸ்டேட்மெண்ட்ல பொருள் வாங்கின வரிகளையும் ஒரே ஷீட்ல ஒட்டிக் கூட்டினார்.

மொத்த வரவு: 6,64,800
மொத்த செலவு: 6,60,000

வரவை 12-ஆல வகுத்தா மாசம் 55,400. "பரவாயில்லையே, 6,000 ரூபாய் பைக் இஎம்ஐ தாராளமா கட்டலாம்"னு தோணும். லோன் விக்க வர்றவரும் இந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தா அதையேதான் சொல்வார். உண்மை என்னன்னு பார்ப்போம்.

படி 1: ஒரிஜினலைத் தொடாதீங்க

நெட்பேங்கிங்ல இருந்து எக்செல் அல்லது சிஎஸ்வி ஃபைலா எடுங்க. எடுத்த ஃபைலை ஒரு ஃபோல்டர்ல அப்படியே வச்சிட்டு, காப்பியில மட்டும் வேலை செய்யுங்க. பாதி வழியில ஏதாவது கெட்டுப்போனா திரும்பி வர ஒரு இடம் வேணும்.

பிடிஎஃப் மட்டும்தான் கிடைக்குதுன்னா, கூகுள்ல தேடி முதல்ல வர்ற இலவச கன்வெர்ட்டர் தளத்துல ஏத்தாதீங்க. உங்க பேர், அக்கவுண்ட் நம்பர், ஒரு வருஷ வாழ்க்கை எல்லாம் அதுல இருக்கு. மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்ல டேட்டா மெனுவுக்குள்ளயே பிடிஎஃப்-ல இருந்து டேபிளை எடுக்கிற வசதி இருக்கு.

படி 2: ஒரு வரி, ஒரு டிரான்ஸாக்ஷன்

பேங்க் ஃபைலோட மேல பத்து பதினஞ்சு வரி முகவரி, கிளை விவரம் இருக்கும். கீழ "டோட்டல்" வரி இருக்கும். அந்த டோட்டல் வரியையும் சேர்த்துக் கூட்டினா எல்லாம் ரெட்டிப்பு. சில ஃபைல்ல ஒரே டிரான்ஸாக்ஷனோட விவரம் ரெண்டு மூணு வரிக்கு உடைஞ்சு கிடக்கும். இதெல்லாம் சரிபண்ணி, கடைசியில ஆறே காலம் மிஞ்சணும்: தேதி, எந்தக் கணக்கு, விவரம், ரெஃபரன்ஸ் நம்பர், தொகை, வகை. தொகைக்கு ஒரே காலம் போதும். வரவு பிளஸ், செலவு மைனஸ்.

ரெஃபரன்ஸ் காலத்தை முன்கூட்டியே டெக்ஸ்ட்டா மாத்திடுங்க. எக்செல் ஒரு எண்ல 15 இலக்கம் வரைக்கும்தான் சரியா வச்சிருக்கும். 16 இலக்க கார்டு நம்பரை எண்ணா போட்டா கடைசி இலக்கம் சத்தமில்லாம 0 ஆயிடும். முன்னாடி இருக்கிற பூஜ்யமும் காணாமப் போகும்.

படி 3: தேதி (இங்கதான் பெரிய ஆபத்து)

இவருக்குச் சம்பளம் ஒவ்வொரு மாசமும் 7-ம் தேதி. ஸ்டேட்மெண்ட்ல 07/04/2024, 07/05/2024னு வரும். கம்ப்யூட்டரோட ரீஜியன் செட்டிங் அமெரிக்காவுக்கு இருந்துச்சுன்னா, எக்செல் முதல் எண்ணை மாசம்னு எடுத்துக்கும். ஏப்ரல் 7 சம்பளம் ஜூலை 4 ஆயிடும். மே 7 சம்பளம் ஜூலை 5 ஆயிடும். கடைசியில 9 மாசச் சம்பளம் 2024 ஜூலையில குவியும். 2025 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சம்பளம் மூணும் 2025 ஜூலைக்குப் போயிடும். அது இந்த நிதியாண்டுக்கே வெளியே! ஃபில்டர் போட்ட உடனே 96,000 ரூபாய் மறைஞ்சுடும், எந்த எச்சரிக்கையும் வராது.

12-ம் தேதிக்கு மேல உள்ளதை எக்செல்லால திருப்பிப் போட முடியாது, ஏன்னா 13-வது மாசம் கிடையாது. அதனால அவை வெறும் எழுத்தா நின்னுடும். ஒரே காலத்துல சில தேதி வலது பக்கமும் சில தேதி இடது பக்கமும் ஒட்டி நிக்குதுன்னா, அதுதான் அறிகுறி.

இப்படி ஆயிட்டா ஒவ்வொண்ணா திருத்தாதீங்க. ஒரிஜினல் ஃபைலுக்குத் திரும்பிப் போங்க. டேட்டா மெனுவுல "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" வழியா எடுத்து, எக்செல் தானா போட்ட "சேஞ்ச்டு டைப்" படியை நீக்கிட்டு, தேதி காலத்துக்கு "யூசிங் லொகேல்"ல இங்கிலீஷ் இந்தியான்னு கொடுங்க. முடிஞ்சது.

ஆபீஸ் ஷீட்லயும் இதே கதையைப் பார்த்திருப்பீங்க. குழந்தைங்க கார்மெண்ட் சைஸ் 3-4ன்னு அடிச்சா எக்செல் அதை 3 ஏப்ரல்னு மாத்திடும். 2/40 நூல் கவுண்ட்டை அடிச்சா பிப்ரவரி மாசத் தேதின்னு எடுத்துக்கும். இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டுமில்ல. மரபணுக்களுக்கு வச்ச சுருக்கப் பேர்கள் சில மார்ச், செப்டம்பர் தேதிகளா மாறிட்டே இருந்ததால, பேர் வைக்கிற சர்வதேசக் குழு 2020-ல அந்த மரபணுக்களோட பேரையே மாத்தி அறிவிச்சுது. அவங்க பேரை மாத்தினாங்க. நாம டைப் பண்றதுக்கு முன்னாடி காலத்தை டெக்ஸ்ட்டா மாத்தினா போதும்.

படி 4: எண் மாதிரி இருக்கிற எழுத்து

"1,250.00 டிஆர்" மாதிரி தொகையோட எழுத்து ஒட்டியிருந்தா எக்செல்லுக்கு அது எண் இல்ல. சம் ஃபார்முலா அதைக் கூட்டாது. எரரும் காட்டாது, சும்மா தாண்டிப் போயிடும். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: தொகை காலத்துக்கு கவுண்ட், கவுண்ட்ஏ ரெண்டும் போட்டுப் பாருங்க. கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும், கவுண்ட்ஏ காலியில்லாத எல்லாத்தையும் எண்ணும். ஒண்ணு 388, இன்னொண்ணு 412ன்னு வந்தா, 24 வரி கூட்டல்ல சேரவே இல்லன்னு அர்த்தம்.

வெப்சைட்ல இருந்து காப்பி பண்ணின டேட்டாவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிட்டு வரும். ட்ரிம் ஃபார்முலாவுக்கு அது போகாது. சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவுல கேர் 160-ஐக் கொடுத்து நீக்கணும்.

படி 5: டூப்ளிகேட்டை எதை வச்சு நீக்குறீங்க?

ஜிபே, ஃபோன்பே லிஸ்ட்டையும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் சேர்த்து ஒட்டாதீங்க. யுபிஐ-ல போன ஒவ்வொரு ரூபாயும் ஏற்கெனவே பேங்க்ல இருக்கு. ஆப் லிஸ்ட்டை யாருக்கு அனுப்பினோம்னு பார்க்க மட்டும் வச்சுக்கோங்க.

அதே மாதிரி, தேதியும் தொகையும் ஒண்ணா இருக்குன்னு "ரிமூவ் டூப்ளிகேட்ஸ்" அழுத்திடாதீங்க. காலையில 15 ரூபாய் டீ, சாயங்காலம் அதே கடையில 15 ரூபாய் டீ. ரெண்டும் உண்மையான செலவு. டூப்ளிகேட்டான்னு முடிவு பண்ண வேண்டியது ரெஃபரன்ஸ் நம்பரை வச்சு. யுபிஐ டிரான்ஸாக்ஷனுக்கு 12 இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும். அது ஒண்ணா இருந்தா மட்டும் டூப்ளிகேட்.

படி 6: வகை பிரிங்க

விவரம் காலத்துல ஒரே மளிகைக் கடை நாலு விதமா வரும். திருப்பூர்ங்கிற பேரையே பாருங்க: இங்கிலீஷ்ல ஒருத்தர் ஒரு "பி" போடுவார், ஒருத்தர் ரெண்டு "பி", இன்னொருத்தர் "டி"க்குப் பக்கத்துல "எச்" சேர்ப்பார். நமக்கு ஒரே ஊர், எக்செல்லுக்கு மூணு ஊர். அதனால தனி ஷீட்ல ஒரு பட்டியல் போடுங்க. இடது பக்கம் ஸ்டேட்மெண்ட்ல வர்ற பேர், வலது பக்கம் நீங்க வைக்கிற வகை. விலுக்கப் போட்டா எல்லா வரிக்கும் வகை வந்துடும். அடுத்த வருஷமும் அதே பட்டியல் உதவும்.

வகைகள்ல மளிகை, பெட்ரோல், வீட்டுக்கு அனுப்பினதுங்கிறதோட, இந்த அஞ்சையும் கண்டிப்பா வையுங்க. ஏன்னா இந்த அஞ்சும் வரவும் இல்ல, செலவும் இல்ல:

1. என் கணக்குல இருந்து என் கணக்குக்கு. ஒரு பேங்க்ல செலவு, இன்னொரு பேங்க்ல வரவு. நம்ம உதாரணத்துல வருஷத்துக்கு 45,000.
2. கார்டு பில் கட்டினது. பொருள் வாங்கின வரி ஏற்கெனவே இருக்கு. பில் கட்டின வரியையும் செலவுன்னு எடுத்தா ஒரே செலவு ரெண்டு தடவை. 84,000.
3. அடுத்தவங்க பங்கு. ரூம்மேட்ஸ் கொடுத்த 1,08,000 வருமானம் இல்ல. ஓனருக்குப் போன 1,44,000-ல அந்த அளவு இவரோட செலவும் இல்ல. இவர் பங்கு 36,000 மட்டும்.
4. ரீஃபண்ட். ஆன்லைன்ல வாங்கித் திருப்பி அனுப்பினது 6,000. அதை வரவுல காட்டாம, அந்தச் செலவுல இருந்து கழிங்க.
5. சீட்டும் கடனும். சீட்டு எடுத்த 1,00,000 சம்பாதிச்ச பணம் இல்ல. மாசத் தவணை 60,000-ஐயும் சாப்பாட்டுச் செலவோட கலக்காதீங்க. ரெண்டையும் தனியா நிறுத்துங்க.

படி 7: காலி கட்டம் பூஜ்யம் இல்ல

ஏடிஎம்-ல எடுத்த 48,000 எதுக்குப் போச்சுன்னு ஸ்டேட்மெண்ட் சொல்லாது. சராசரி போட்டு "சாப்பாடு"ன்னு நிரப்பிடாதீங்க. "ரொக்கம், தெரியாது"ன்னே எழுதுங்க. அந்த வகை பெருசா இருந்தா, அதுவே ஒரு தகவல்தான்.

ஒரு மாசம் சம்பள வரியே இல்லைன்னா, சம்பளம் 0-ன்னு போடுறதுக்கு முன்னாடி யோசிங்க. அட்வான்ஸா கையில வாங்கினீங்களா? சம்பளம் வேற அக்கவுண்ட்டுக்குப் போச்சா? 0-ன்னா "வரல"ன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதுறது. காலின்னா "எனக்குத் தெரியல"ன்னு எழுதுறது. ரெண்டும் வேற வேற.

சனிக்கிழமை வாரச்சம்பளம் வாங்குறவங்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். சில மாசத்துல நாலு சனிக்கிழமை, சில மாசத்துல அஞ்சு. மாசத்துக்கு மாசம் ஒப்பிட்டா வருமானம் ஏறி இறங்குற மாதிரி தெரியும். வாரம் 6,000-ன்னா நாலால பெருக்கி 24,000-ன்னு எடுக்காதீங்க. 52-ஆல பெருக்கி 12-ஆல வகுங்க, 26,000 வரும். ஷிஃப்ட் கணக்கும் அப்படித்தான். ஒரு வரியில "1.5"ன்னும், இன்னொரு வரியில "12"ன்னும் இருந்தா ரெண்டுமே ஒண்ணரை ஷிஃப்ட்தான். ஷிஃப்ட்டா, மணியான்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, காலம் முழுக்க ஒரே அலகுல எழுதுங்க. டஜன், பீஸ் கலந்த ஷீட்டுக்கும் இதே விதி.

படி 8: டேலி ஆகுதா?

சுத்தம் பண்ணி முடிச்சாச்சுன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பேங்க் அக்கவுண்ட்டுக்கும்: ஆரம்ப பேலன்ஸ், கூட்டல் வரவு, கழித்தல் செலவு. இது கடைசி பேலன்ஸோட பைசா சுத்தமா பொருந்தணும். பொருந்தலைன்னா வரி விட்டுப் போயிருக்கு, இல்ல ரெண்டு தடவை வந்திருக்கு.

நம்ம உதாரணத்துல ரெண்டு பேங்க் பேலன்ஸும் சேர்த்து வருஷத்துல 88,800 கூடியிருக்கு. ஆனா அவர் முதல்ல ஒட்டின ஷீட் 4,800தான் கூடினதா சொல்லுது. வித்தியாசம் சரியா 84,000. கார்டு செலவு ரெண்டு தடவை விழுந்த அதே தொகை! (வருஷ ஆரம்பத்துலயும் முடிவுலயும் கார்டுல பாக்கி இல்லைன்னு வச்சுக்குவோம்.) இப்படி வித்தியாசம் ஒரு தெரிஞ்ச எண்ணா வந்தா, தப்பு எங்கேன்னு அதுவே காட்டிக் கொடுக்கும்.

வரி எண்ணிக்கையையும் பாருங்க. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை, நீக்கினது எத்தனை, ஏன். இங்கிலாந்துல 2020 அக்டோபர்ல பொதுச் சுகாதாரத் துறை 15,841 கொரோனா நோயாளிகள் எண்ணிக்கையில விட்டுப் போயிட்டாங்கன்னு அறிவிச்சுது. காரணம், பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்ல 65,536 வரிக்கு மேல நிக்காது. மிச்சம் வெளியே நின்னுடுச்சு. வரிகளை எண்ணிப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

இப்போ கூட்டுங்க

வருமானம்:
சம்பளம் 3,84,000
போனஸ் 20,000
சேவிங்ஸ் வட்டி 1,800
மொத்தம் 4,05,800. மாசத்துக்குச் சுமார் 33,800.

செலவு:
வாடகை (தன் பங்கு) 36,000
கார்டுல வாங்கினது 84,000
வீட்டுக்கு அனுப்பினது 96,000
யுபிஐ செலவு (ரீஃபண்ட் போக) 93,000
ரொக்கம், தெரியாது 48,000
மொத்தம் 3,57,000.

மிச்சம் 48,800. மாசத்துக்குச் சுமார் 4,070. ஆனா சீட்டுத் தவணையே மாசம் 5,000! அதைக் கழிச்சா வருஷத்துக்கு 11,200 ரூபாய் பத்தல.

அப்புறம் எப்படி பேங்க் பேலன்ஸ் 88,800 கூடுச்சு? சீட்டு எடுத்த ஒரு லட்சம் அதுக்குள்ள உக்காந்திருக்கு. பத்தாத 11,200-ஐயும் அதுதான் தாங்குது. அது சேமிப்பு இல்ல. மீதித் தவணையைக் கட்டியே தீரணும். இந்த நிலையில 6,000 ரூபாய் பைக் இஎம்ஐ எடுத்தா, மாசத்துக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய் துண்டு விழும். பேலன்ஸ்ல இருக்கிற பணம் ஒரு வருஷம் சமாளிக்கும். அதுக்கப்புறம் கிரெடிட் கார்டு மினிமம் டியூ, லோன் ஆப்னு போக வேண்டி வரும்.

அப்ப பைக் வாங்கவே கூடாதான்னு கேக்காதீங்க. சீட்டு முடியுற தேதியைப் பாருங்க. அன்னைக்கு மாசம் 5,000 விடுபடும். அந்த 48,000 ரொக்கம் எங்க போகுதுன்னு மூணு மாசம் எழுதிப் பாருங்க. அப்புறம் இந்த ஷீட்டையே மறுபடியும் கூட்டுங்க.

ஏஐஎஸ்-க்கும் இதே வேலைதான்

வருமான வரித்துறை 2021 நவம்பர்ல ஏஐஎஸ்-ங்கிற வருடாந்திர தகவல் அறிக்கையைக் கொண்டு வந்துச்சு. உங்க பான் நம்பரை வச்சு பேங்க், கம்பெனி, மியூச்சுவல் ஃபண்ட்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா அனுப்புற தகவல் எல்லாம் அதுல ஒரே இடத்துல வரும். பல இடத்துல இருந்து வர்ற டேபிள்னா டூப்ளிகேட்டும் வரும். அதனாலதான் கூடவே டிஐஎஸ்னு ஒரு சுருக்கமும் தர்றாங்க. டூப்ளிகேட்டைக் கழிச்ச மதிப்பு அதுல இருக்கும். ஒரே தொகை ரெண்டு தடவை வந்திருந்தா, அந்த வரியிலயே "டூப்ளிகேட்"னு ஃபீட்பேக் கொடுக்கலாம்.

உங்க சுத்தமான ஷீட் இருந்தா ஏஐஎஸ்-ஐப் பக்கத்துல வச்சு அரை மணி நேரத்துல சரிபார்க்கலாம். அந்த 1,800 சேவிங்ஸ் வட்டியையும் ரிட்டர்ன்ல காட்டணும், மறக்காதீங்க. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு 80டிடிஏ-ல 10,000 வரைக்கும் கழிவு உண்டு. புதிய முறையில இது கிடையாது.

முதல் தடவை பண்ணும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா போகும். வகைப் பட்டியல் ஒருமுறை ரெடியாயிட்டா, அடுத்த மாசத்துல இருந்து இருபது நிமிஷம் போதும். ஏதாவது கடன் பேப்பர்ல கையெழுத்து போடப் போறீங்கன்னா, அதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இதை முடிச்சிடுங்க.